பங்களாவுக்குப் போன பேர்

எனக்கு முதலில் வைத்த பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அட, இது எங்கள் அக்கா மகள் பேராயிற்றே என்பீர்கள். இன்னொருவர், எங்கள் மேனேஜர் பெண்ணுக்கும் இதே பேர்தான் என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சேலத்தில் ஏதாவதொரு பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலைந்து பெண்களாவது திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பக் கூடாது என்று அடி வாங்கியவள் நான் ஒருத்திதான்.

நான் பிறந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைனில். லைன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த ஒற்றை அறைகள். எஸ்டேட்டில் வேலை இருக்கிறவரை அறை உண்டு. வேலை போனால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் அப்பாவும் அம்மாவும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள்.

எங்கள் லைனில் பேர் வைக்க யாரும் ஜோசியரிடம் போனதில்லை. பிள்ளை பிறந்த அன்று கண்ணில் என்ன பட்டதோ, காதில் என்ன விழுந்ததோ, அதுதான் பேர். நாகலூருக்கு முதல் பஸ் வந்த வாரத்தில் பிறந்த ஒருவனுக்கு அந்த பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததையே வைத்துவிட்டார்கள். அவனுக்கு மீசை முளைத்த பிறகும், வண்டி எப்பப்பா கெளம்பும் என்று கேலி செய்வார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் தூக்கிக் கொஞ்சிய பெண்குழந்தைக்கு அவருடைய தேர்தல் சின்னமே பேராயிற்று. அவர் தோற்றுப்போய் இந்தப் பக்கமே வரவில்லை. அவள் அந்தப் பேரோடுதான் கல்யாணமாகிக் கிளியூருக்குப் போனாள்.

காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கு வேறொரு வழக்கம். நிறைமாதமானாலும் பெண்கள் பறிப்புக்குப் போவார்கள், போகாவிட்டால் கூலி இல்லை. எந்தக் காட்டில் வலி கண்டதோ அந்தக் காட்டின் பேர்தான் பிள்ளைக்கு. காடு என்று நாங்கள் சொல்வது எஸ்டேட்டின் ஒரு பகுதியை. ஆபீசில் அவற்றுக்கு வெறும் நம்பர்தான். வேலை செய்கிறவர்கள் வாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் இருந்தது. ஒன்றுக்குப் பாறையின் பேர், ஒன்றுக்கு மரத்தின் பேர். என் அம்மாவுக்கு வலி கண்ட காட்டுக்கு மட்டும் ஒரு மனுஷியின் பேர்.

அவள் வெள்ளைக்காரன் காலத்தில் காடு வெட்ட வந்த கூலிக்காரி. எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சரிவில் ஓர் ஊற்றைக் கண்டு, கையால் மண்ணைத் தோண்டி, சுற்றிலும் கல் அடுக்கி வைத்தவள் அவள் என்பார்கள். கோடையிலும் வற்றாத ஊற்று. பறிப்புக்குப் போகிறவர்கள் அங்கே குனிந்து தண்ணீர் அள்ளும்போது அவள் பேரை ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்கள். சாமி பேரும் இல்லை, சினிமாக்காரி பேரும் இல்லை. வேறெங்கும் கேட்டிராத பேர். சின்னப் பேர், சொல்லும்போது வாய் சிரிக்கிற மாதிரி விரியும். அந்த ஊற்றங்கரையில் நான் பிறந்தேன். கூடப் பறித்த பெண்கள் அந்தத் தண்ணீரைச் சருகு மூட்டிச் சுடவைத்து என்னைக் கழுவி, அந்தப் பேரையே என் காதில் சொன்னார்களாம்.

என் அம்மாவுக்கு அந்தப் பேர் மேல் கொள்ளை ஆசை. காரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் மேட்டில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி இழுத்துக் கூப்பிடுவாள்.

எனக்கு நாலு வயது முடிந்திருந்தபோது எஸ்டேட் முதலாளியின் மனைவி முழுகாமல் இருந்தார். குனிந்து நிமிர ஆள் வேண்டும் என்று என் அம்மாவைப் பங்களா வேலைக்கு எடுத்தார்கள். பாத்திரம், துணி, தோட்டத்துக்குத் தண்ணீர். என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். பின்கட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு விதித்த விதி. நான் கொய்யா மரத்தடியில் விளையாடுவேன். அம்மா துணி துவைத்தபடி கூப்பிடுவாள். நான் ஏங்கம்மா என்பேன்.

ஒருநாள் முதலாளியம்மா பின்கட்டு வாசலுக்கு வந்து, அது என்ன பேர் என்று கேட்டார். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஊற்றின் கதையைச் சொன்னாள். முதலாளியம்மா கதையைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. பேரைத்தான் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். தாமும் சொல்லிப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து, பங்களாக்காரம்மாவே எம்புள்ள பேரக் கேட்டாங்க என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. மலைக்குக் கூட்டிவந்த பிறகு பங்களாவில் பேர் வைத்தார்கள். லைனுக்கு லட்டு வந்தது. லட்டு கொண்டுவந்தவன் குழந்தையின் பேரைச் சொன்னதும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை. எங்களில் ஒருத்திக்கு என்னவோ பரிசு விழுந்துவிட்ட மாதிரியான சிரிப்பு. என் அம்மாவுக்குப் பூமியில் கால் பாவவில்லை. லட்டைப் பிட்டு முதல் துண்டை என் வாயில்தான் வைத்தாள்.

அந்த இனிப்பு அடங்குவதற்குள் ரைட்டர் வந்தார். ரைட்டர் என்றால் எஸ்டேட் கணக்குப்பிள்ளை. ஆள் கணக்கு எழுதுகிறவர், ஆளை நிறுத்துகிறவரும் அவர்தான். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். ரைட்டர் உட்காரவில்லை.

"ஏப்பா, லைன்ல புள்ளைங்கள எப்படிக் கூப்புடறீங்கன்னு உனக்கே தெரியும். எருமைங்கறீங்க, மூதேவிங்கறீங்க. அதே பேரு பங்களா வரைக்கும் கேக்குது. அம்மாவுக்கு மனசு சங்கடமாப் போச்சு. உம்புள்ளைக்கு வேற பேரு வெச்சுக்கப்பா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் லைனில் பிள்ளைகளைத் திட்டாமல் கூப்பிட்டவர்கள் குறைவு. பேர் அவர்களுக்கு வேண்டும், அந்தப் பேரை வளர்த்த வாய்தான் அவர்களுக்கு நாற்றம் அடித்தது. அம்மா மெல்லக் கேட்டாள்:

"ஏனுங்க, நாங்க மொதல்ல வெச்ச பேருங்க அது. இனிமேத் திட்டாமக் கூப்புடறமுங்க."

ரைட்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, சரிங்க என்றார். அவ்வளவுதான் என் அப்பா பேசியது. புதுப்பேரையும் ரைட்டரே அங்கேயே நின்றபடி சொல்லிவிட்டார். லைனில் ஏற்கெனவே இரண்டு மூன்று பெண்களுக்கு இருந்த பேர் அது. கூப்பிட்டால் மூன்று வாசலிலிருந்து தலை நீளும். போகும்போது ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளியம்மா கொடுத்தனுப்பிய பட்டுப்பாவாடை. நான் அதை ஆசையாகத்தான் கட்டிக்கொண்டேன். அஞ்சு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு என்ன தெரியும். இன்றைக்கு நினைத்தால் அந்தப் பாவாடையைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும்போல் இருக்கிறது.

ஆனால் என் காது பழைய பேருக்குத்தான் பழகியிருந்தது. பங்களாவில் குழந்தையைக் கொஞ்சும்போதெல்லாம் பின்கட்டில் இருந்து நான் ஏன் என்று கேட்டுவிடுவேன். ஒருநாள் கூப்பிட்டார்கள் என்று நினைத்து உள்ளேயே ஓடிவிட்டேன். முதலாளியம்மா முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பு போதுமாயிருந்தது. அன்றைக்கே என் அம்மா பழக்கத் தொடங்கினாள்.

எப்படி என்று சொல்கிறேன். நான் அந்தப் பக்கம் திரும்பி விளையாடிக்கொண்டிருப்பேன். அம்மா பின்னாலிருந்து புதுப்பேரைச் சொல்வாள். திரும்பினால் ஒரு துண்டு வெல்லம். கொஞ்ச நேரம் கழித்துப் பழைய பேரைச் சொல்வாள். திரும்பினால் விரல் முட்டியால் தலையில் நங்கென்று ஒரு குட்டு. நாயைப் பழக்குகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். குட்டிவிட்டு அம்மா அந்த இடத்தைத் தேய்த்துவிடுவாள். நான் அழுவேன். அவள் மறுபடியும் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

மழைக்காலம் முடிவதற்குள் நான் பழகிவிட்டேன். காதருகில் கத்தினாலும் திரும்பமாட்டேன். ரைட்டர்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார், தாம் வைத்த பேரில். அம்மா அதற்குப் பிறகு பழைய பேரையும் சொல்லவில்லை, புதுப்பேரையும் சொல்லவில்லை. கண்ணு என்று மட்டும்தான் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் எல்லாத் தாய்மாரும் பிள்ளையைக் கண்ணு என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. திட்டுவதற்குக்கூட அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நாகலூரில் ஒரு பாய் மளிகைக்கடை வைத்திருந்தார். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டவர். அவர் மட்டும் என்னைப் பழைய பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். வேண்டாமுங்க பாய், யாராவது போய்ச் சொல்லிருவாங்க என்று அம்மா கெஞ்சினாள். பாய் புளியை நிறுத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு என்ன உங்க எஸ்டேட்டா சம்பளம் குடுக்குது? புள்ளைக்கு வெச்ச பேரைச் சொல்லிக் கூப்புடறேன். இதுல என்னம்மா தப்பு?"

ஒரு தப்பும் இல்லை. ஆனால் அன்றோடு அம்மா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினாள். மேட்டில் இன்னொரு கடை இருந்தது, அதில் எல்லாச் சாமானும் மட்டமாக இருக்கும். அங்கேதான் வாங்கினோம். பாய் கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் என்னைப் பார்ப்பார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளபடி நியாயம் பேசிய ஒரே மனுஷனிடம் முகம் கொடுக்க முடியாதபடி வைத்தார்களே என்று எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு.

பங்களாக் குழந்தை வளர்ந்தது, பேரும் வளர்ந்தது. விருந்துக்கு வருகிறவர்கள் அந்தப் பேரைக் கேட்டு வியப்பார்களாம். எப்படிக் கிடைத்தது என்று ஒருவர் கேட்டதற்கு, தோட்டத்தில் நடக்கும்போது திடீரென்று மனதில் தோன்றியது என்று முதலாளியம்மா சொன்னாராம். டீத்தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் என் அம்மா. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பா, விடு என்றார். அம்மா விட்டுவிட்டாள். என்னால்தான் விட முடியவில்லை.

பக்கத்து எஸ்டேட் முதலாளி தம் பேத்திக்கு வைத்தார். ஏற்காட்டு டாக்டர் வைத்தார். பெரிய வீட்டில் வைத்தால் சின்ன வீடுகளுக்கும் ஆசை வரும். எண்பதுகளின் நடுவில் பஸ் கண்டக்டர் மகளுக்கு அந்தப் பேர், தபால்காரர் மகளுக்கு அந்தப் பேர். செம்மநத்தத்தில் ஒரே தெருவில் இரண்டு பேருக்கு வைத்து, பெரியவள் சின்னவள் என்று பிரித்துக் கூப்பிட்டார்கள். கடைசியில் எங்கள் லைனிலேயே, எங்களுக்கு இரண்டு அறை தள்ளி ஒரு குழந்தைக்கு வைத்தார்கள். நான் ரைட்டர் வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. பங்களாப் பெண் அப்போது மெட்ராஸில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். லைனில் அந்தப் பேரைச் சொல்லி எருமை என்று திட்டினாலும் கேட்பதற்கு அங்கே காது இல்லை. ஆக, அந்தச் சட்டம் எனக்கு ஒருத்திக்காகப் போட்ட சட்டம்.

இத்தனைக்கும் நடுவில் ஊற்றுக்காட்டில் பறிப்புக்குப் போகிறவர்கள் தண்ணீர் குடிக்கும்முன் அந்தப் பேரைச் சொல்வது நின்றுபோயிற்று. பங்களாப் பாப்பா பேரை எதற்குக் காட்டில் சொல்ல வேண்டும் என்று, பறிப்பை மேற்பார்க்க வந்த புது மேஸ்திரி கேட்டாராம். அந்தக் கூலிக்காரியிடமிருந்தும் பிடுங்கிவிட்டார்கள்.

நான் படித்தேன். பிடிவாதமாகப் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குச் சேலத்தில் கல்யாணம் நடந்தது. புகுந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். என் மாமியாரும் நாத்தனாரும் என்னை ரைட்டர் வைத்த பேரைச் சொல்லித்தான் அழைத்தார்கள். அவர்களுக்கு வேறு பேர் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எனக்குப் பெண்குழந்தை பிறந்தது. அந்தக் காலத்தில் சேலம் பஸ் ஸ்டாண்டில் சீப்பு, ஊக்கு விற்கிற இடத்தில் குழந்தைப் பேர்ப் புத்தகமும் தொங்கும். என் நாத்தனார் ஒன்றை வாங்கிவந்து, மஞ்சள் தொட்டு ஒரு பேரைக் குறித்து வைத்திருந்தாள். எந்தப் பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பக்கத்தில் அர்த்தமும் போட்டிருந்தது. சமஸ்கிருதமாம். விடியற்காலைக் கதிர் என்று அர்த்தமாம். மண்ணைக் கையால் தோண்டியவளைக் கொண்டுபோய் எந்த மேகத்தில் வைத்துவிட்டார்கள் பாருங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பேராசையும் எழுந்தது. எனக்கு இல்லாமல் போனது என் மகளுக்கு வரட்டும். அது எங்கிருந்து வந்தது என்பதையும் எல்லாரும் கேட்கட்டும்.

பேர் வைக்கிற அன்று அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். பங்களா வேலையை விட்டு நாளாகியிருந்தது, முதுகு வளைந்திருந்தது. ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்தாள். கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மாமியாருக்கு மட்டும் ஒரு தயக்கம், இதென்ன பேர், நம் வகையில் யாருக்கும் இல்லையே என்று. நான் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன், அம்மாவுக்கு அந்தப் பேரின் கதை தெரியும், அவளே சொல்லட்டும் என்று. இருபது வருஷமாக நான் காத்திருந்த இடம் அது.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நொம்ப நல்ல பேருங்க. எங்க எஸ்டேட்டுப் பங்களா அம்மா அவிய பாப்பாவுக்குன்னு யோசிச்சு வெச்ச பேருங்க அது. அந்தப் பாப்பா இப்ப அமெரிக்காவுல இருக்குதுங்க."

மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியா, பெரிய இடத்துப் பேர் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னார். நாத்தனார் குழந்தையின் காதில் மூன்று முறை பேரைச் சொன்னாள். எல்லாரும் சர்க்கரை வைத்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். முதலாளியம்மா சொன்ன பொய்யை என் அம்மா, என் வீட்டில், என் குழந்தைக்கு முன்னால் சொல்லிவிட்டாள். அந்த நிமிஷம் ரைட்டரைவிட, முதலாளியம்மாவைவிட என் அம்மாவைத்தான் நான் வெறுத்தேன்.

சாப்பாடு முடிந்து கூடம் காலியானதும் அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய், அது யார் பேர் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அம்மா கூடத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"காடு வெட்ட வந்த கூலிக்காரி பேருன்னு சொன்னா இந்த ஊட்டுல வெப்பாங்களா கண்ணு? உனக்குத்தான் இல்லாமப் போச்சு. அவளுக்காவது இருக்கட்டும்."

 அவள் சொன்னது உண்மை. பொய் சொல்லித்தான் அதைத் திரும்ப வாங்க முடிந்தது. பொய் சொல்லி வாங்கியதால் இனி என்றைக்கும் அது பங்களாப் பேர்தான். என் மகள் வளர்ந்து கேட்டாலும் இந்த வீட்டில் அப்படித்தான் சொல்லப்போகிறார்கள். நான் திரும்பி நின்று தட்டுகளைக் கழுவத் தொடங்கினேன். அவள் கூடத்துக்குப் போய்விட்டாள். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. அம்மா தூக்கியிருக்க வேண்டும், சிணுங்கல் நின்றது.

அப்போது பின்னாலிருந்து அம்மா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதே இழுப்பு, மேட்டில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி.

நான், ஏங்கம்மா என்று திரும்பிவிட்டேன்.

கையிலிருந்த தட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. இடது தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றவள், என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய வலது கை அவளை அறியாமல் மேலே வந்தது. விரல்கள் குட்டுவதற்கு மடங்கியிருந்தன. அந்தக் கையை அப்படியே சற்று நேரம் வைத்திருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு, காற்று அடிக்குது என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.